நெவிராவுக்குக் கொடுத்த சிரிப்பு

நான்கு நாள்களாகியும் சண்முகப்பிரியாவுக்கு நெவிராவின் குரல் பிடிபடவே இல்லை.

நெவிரா ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரில் வரும் வனதேவதை. தொடரின் பெயர் தமிழில் 'பனிவனத்துக் கதவு'. நெவிராவுக்கு மூவாயிரம் வயது, பார்ப்பதற்குப் பத்து வயதுச் சிறுமி. காதுகள் மட்டும் மாவிலை போல நீண்டு கூர்ந்திருக்கும். அவள் பொய்யே சொல்ல மாட்டாள். ஆனாலும் அவளிடம் ஏதாவது கேட்டு வாங்கிப்போன ஒருவரும் நன்றாக இருந்ததில்லை. எதிரியின் முகமே என் கண்ணில் படக்கூடாது என்று கேட்ட அரசனின் கண் பார்வையை எடுத்துவிடுவாள். கேட்டதைத்தானே கொடுத்தேன் என்று மரக்கிளையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே சிரிப்பாள்.

"பாட்டி குரல் வேண்டாம் பிரியா. சூனியக்காரி குரலும் வேண்டாம். குழந்தைக் குரல் போட்டா பிஸ்கட் விளம்பரம் மாதிரி ஆயிடுது" என்றார் சரவணமுத்து. சென்னையில் இருந்துகொண்டு தொடரின் தமிழ் டப்பிங்கை நடத்துகிறவர். "அவளுக்கு வயசே தெரியக் கூடாது. கேட்டா பிடிக்கணும், கூடவே முதுகு சில்லுன்னு ஆகணும். நாளைக்குள்ள வரலைன்னா வேற ஆள் பார்க்கணும்மா, தப்பா நினைக்காதீங்க."

கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் சென்னையில் குரல் கொடுத்தவள் பிரியா. அழுகிற மேகம், பேசும் ரயில் பெட்டி, கதாநாயகனின் தங்கைக்குத் தோழி. அவ்வளவுதான் கிடைத்தது. மோகன்குமாரைக் கட்டிக்கொண்டு, நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் இருந்த அவனுடைய கோழிப்பண்ணைக்கு வந்த பிறகு, வீட்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையின் சுவர் முழுக்க, எதிரொலி விழாமலிருக்க, முட்டை அட்டைகளை ஒட்டி ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டாள். மத்தியானத்தில் கோழிகள் அடங்கும் நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறி சத்தம் விழுமென்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசுவாள். பெயருள்ள பாத்திரம், எல்லா அத்தியாயங்களிலும் வருகிற பாத்திரம், அவளுக்கு வாய்த்தது இதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் காலையில் மோகனைச் சாப்பிடக் கூப்பிட இரண்டாம் ஷெட்டுக்குப் போனாள். மோகன் அங்கே இல்லை. மயிலம்மாள் மட்டும் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். பதினொரு வருடமாக அந்தப் பண்ணையில் வேலை செய்கிறாள். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் கிடையாது. கூண்டுக்குள்ளிருந்த ஒரு கோழியிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சாமி, நேத்தும் போடலியாட்ட இருக்குது? தீவனத்துல கொறையா, இல்ல எம்மேல கொறையா? சொன்னாத்தானுங்க தெரியும். சொல்ல மாட்டீங்களா? செரி, நாளைக்கும் போட வேண்டாம். நாளன்னைக்கு கறிக்கு ஏத்தற லாரிக்காரரு வருவாரு. அவருகிட்டயே பேசிக்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மயிலம்மாளின் சிரிப்பு வெளியே வராது. மூச்சை உள்ளே இழுப்பது போல உள்பக்கமாகவே போகும். கடைசியில் பல் போன இடத்தில் மெல்லிய சீழ்க்கையாக முடியும்.

பிரியாவின் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. மோகனைக் கூப்பிட மறந்து திரும்பி வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அந்தக் குரலில் நான்கு வரி பேசி அனுப்பினாள். சரவணமுத்து உடனே கூப்பிட்டார்.

"எங்கிருந்து பிடிச்சீங்க இதை?"

"சும்மா நானே யோசிச்சுப் பண்ணினேன் சார்."

அதன் பிறகு தினமும் காலையில் டீயை ஊற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போவதை வழக்கமாக்கினாள். சுடிதார்ப் பையில் செல்போன் பதிவில் ஓடிக்கொண்டிருக்கும். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, "அந்தச் சந்தையில சண்டை போட்டீங்களே, அதச் சொல்லுங்க மயிலக்கா" என்பாள். மயிலம்மாள் சொல்லுவாள். கொஞ்சுவது, மிரட்டுவது, கோபப்படுகிற மாதிரி நடிப்பது, சலித்துக்கொள்வது எல்லாம் அதில் வரும். மத்தியானம் பிரியா அவற்றை வெட்டி, 'கெஞ்சல்', 'மிரட்டல்', 'பெரிய சிரிப்பு' என்று பெயர் போட்டுக் கணினியில் அடுக்கி வைப்பாள்.

மயிலம்மாளுக்கு இதில் ஒரே சந்தோஷம். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. "அம்மிணிக்கு எம்மேல என்னமோ ஒரு பாசமுங்க" என்று மற்ற வேலைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பிரியாவின் காதிலும் விழுந்தது.

ஒரு நாள் பிரியா கேட்டாள். "பல்லு எப்படிக்கா போச்சு?"

மயிலம்மாள் முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். "என்ற ஊட்டுக்காரரு பொன்னன் இருந்தாரே, அவரு குடுத்த சீருங்க. போர் போடற ரிக் வண்டில வடக்க போயிட்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒருக்கா வந்தப்ப என்னமோ எதுத்துப் பேசிப்புட்டேன். பித்தளைச் சொம்பாலயே அடிச்சாரு. இனி இந்த ஊட்டுல உன்ற சத்தமே கேக்கக் கூடாதுன்னாரு. செரின்னு உட்டுட்டேனுங்க. இருவத்திரண்டு நாளு. சாவி எங்கம்பாரு, சொல்ல மாட்டேன். சோத்துல உப்பு இல்லம்பாரு, பேச மாட்டேன். கடைசில கையெடுத்துக் கும்பிட்டு, தாயே எதாச்சும் பேசுன்னாரு. நீங்க கேட்டதத்தானுங்க குடுத்தேன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரியாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் மயிலம்மாள் சட்டென்று நிறுத்திவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி மீதியைச் சொன்னாள்.

"ஜோதிக்கு அப்ப ஒன்றரை வயசுங்க. அம்மா, தண்ணி, காக்கான்னு மூணு வார்த்தை பழகியிருந்துச்சு. 'ம்மா, ம்மா'ன்னு வந்து என் மூஞ்சியத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். நான் வாயத் தொறக்கல. அந்தாளுகிட்டத் தோத்துரக் கூடாதுன்னு ஒரு ரோசம். கடைசில புள்ளையும் பேச்ச நிறுத்திப்போட்டுச்சு. நாலரை வயசு வரைக்கும் ஒரு வார்த்தை வரலீங்க. சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிக் காட்டினேன். காது நல்லாத்தான் இருக்குது, ஏன் பேசலன்னு தெரியலன்னாரு டாக்டரு. எனக்குத் தெரியுமே."

"ஜோதிக்குத் தெரியுமாக்கா?"

"அய்யோ, சொல்லிராதீங்க அம்மிணி. அவளுக்குத் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. என்னமோ உங்ககிட்டச் சொல்லிப்புட்டேன்."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்" என்றாள் பிரியா. பையில் செல்போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பதாவது அத்தியாயம் பேசும்போது ஒரு சிக்கல் வந்தது. நெவிரா ஒரு பழங்கதை சொல்கிற காட்சி. தமிழில் எழுதியிருந்த வசனம் முடிந்த பிறகும் நெவிராவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"பதினஞ்சு செகண்டு மொட்டையா நிக்குது பிரியா" என்றார் சரவணமுத்து. "எழுதறவர் ஊருக்குப் போயிட்டார். நீங்களே எதாவது சொல்லி நிரப்புங்க. உங்க நெவிராவுக்குச் சொல்லவா தெரியாது?"

'உங்க நெவிரா' என்று அவர் சொன்னது பிரியாவுக்குப் பிடித்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தடவைகூட எழுதிப் பார்க்காமல் பேசினாள்.

"ஒருத்தன் பொண்டாட்டியப் பார்த்து, உன்ற சத்தமே கேக்கக் கூடாதுன்னான். கேட்டதக் குடுத்தா அவ. இருவத்திரண்டு நாளு! பெத்த புள்ள மூஞ்சியத் தொட்டுத் தொட்டுக் கூப்புட்டுச்சு. தொறக்கலியே! கடைசில புள்ளையும் பேச்ச நிறுத்திருச்சு. யாரு ஜெயிச்சாங்க, சொல்லு பாப்போம்?"

பிறகு அந்தச் சிரிப்பு. ஒரே டேக்கில் வாய் அசைவோடு அச்சாகப் பொருந்தியது. மறுமுனையில் சரவணமுத்து கை தட்டினார். அன்று முழுக்க பிரியா முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அப்போது தனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை என்பதுதான் பின்னால் அவளை மிகவும் உறுத்தியது.

ஜூன் மாதம் தொடர் வெளியானது. இரண்டே வாரத்தில் நெவிராவின் பேச்சு செல்போன்களில் பரவிவிட்டது. அதிலும் அந்தப் பதினைந்து விநாடியைத்தான் ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதற்கு வாயசைத்து நடித்தார்கள். அலுவலகத்தில் மேனேஜர் 'சைலன்ஸ்' என்று கத்துவதற்குப் பின்னால் அந்தச் சிரிப்பை ஒட்டினார்கள். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சிலர் பிரியாவைத் தேடிப் பிடித்துப் பாராட்டினார்கள். திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "ஒரே ஒருக்காச் சிரிச்சுக் காட்டு புள்ள" என்றார்கள். அவள் சிரித்துக் காட்டினாள். மோகன் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் ஷெட்டுக்குப் போனபோது மயிலம்மாள் முந்தானையை வாய்க்குக் குறுக்கே இழுத்துச் செருகியிருந்தாள்.

"தூசியாக்கா?"

"இல்லீங்க." "நேத்து வேலூர் போற பஸ்ஸுல டிக்கெட் கேட்டேனுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ரெண்டு பேரு திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்னமோ பேரு சொல்லிக் கூப்புட்டாங்க. ஒரு புள்ள செல்லு போன மூஞ்சிக்கு நேரா நீட்டி, ஆயா ஒருக்காச் சிரிங்கன்னுது. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. பல்லு போயி இருவத்தஞ்சு வருசமாச்சு அம்மிணி. இத்தன நாளு யாரும் சிரிச்சதில்ல. இப்ப வாயத் தொறந்தாலே சிரிக்கறாங்க."

சொல்லிவிடலாம் என்று பிரியா வாயைத் திறந்தாள். "சின்னப் புள்ளைங்கதானே, உடுங்கக்கா" என்பதுதான் வந்தது.

மயிலம்மாள் ஷெட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு நாள், தயங்கித் தயங்கி, நாமக்கல்லில் பல் கட்டுகிற டாக்டரிடம் தன்னைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். பிரியா மறுநாளே ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். அது பரிகாரம் போலத் தோன்றியது. ஆனால் டாக்டரின் வரவேற்பறையில் யாரோ ஒரு பெண்மணியின் செல்போனிலிருந்து நெவிரா சிரித்தாள். "கேட்டதத்தானுங்க குடுத்தேன்!"

மயிலம்மாள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். "யாரோ நம்மூருப்பக்கத்து ஆளு பேசறாப்பல இருக்குதுங்க" என்றாள் மெதுவாக. "நல்லாப் பேசுது."

அவளுக்குத் தன் குரலே தெரியவில்லை. பிரியா கையிலிருந்த டோக்கன் சீட்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

செயற்கைப் பல் பொருத்திய பிறகு மயிலம்மாளின் பேச்சில் சீழ்க்கை போய்விட்டது. வார்த்தைகள் தடித்து, யாரோ போலப் பேசினாள். ஈறு வலிக்கிறது என்று சாப்பிடும்போது கழற்றி வைத்தாள். வெளியே கிளம்பும்போது மறக்காமல் மாட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோதி பிரியாவின் வீட்டுக்கு வந்தாள். மயிலம்மாளின் ஒரே மகள். நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை, அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வழக்கமாக வந்தால் "அக்கா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவள், அன்று வாசலிலேயே நின்றாள். மயிலம்மாள் தண்ணீர்த் தொட்டியருகே அட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க பேசினதுங்களா?" ஜோதி செல்போனை நீட்டினாள். பதினைந்து விநாடியும் ஓடி முடிந்தது.

"ஆமா."

"கடையில கூட வேலை செய்யற புள்ள காட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. இது எங்கம்மா குரலு. எங்கம்மா சிரிப்பு." ஜோதிக்கு மூச்சு வாங்கியது. "இருவத்திரண்டு நாளு பேசாம இருந்த கதைய எங்கம்மா சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லும், நூறு தடவை கேட்டிருக்கேன். ஆனா அதுல புள்ளை கிடையாது. அந்தப் புள்ளை யாருங்க? எனக்கு நாலரை வயசு வரைக்கும் பேச்சு வரல. ஏன்னு யாரும் சொன்னதில்ல."

பிரியா மயிலம்மாளைப் பார்த்தாள். மயிலம்மாள் கையில் சோப்பு நுரையோடு எழுந்து நின்றிருந்தாள்.

"அது வசனம் ஜோதி" என்றாள் பிரியா. குரலில் கொஞ்சம் எரிச்சலைக்கூடச் சேர்த்துக்கொண்டாள், அவளுக்குத்தான் அது கைவந்த வேலையாயிற்றே. "ஜப்பான்காரங்க எழுதினது. அவங்க எழுதிக் குடுக்கறதத்தான் நாங்க பேசுவோம். ஏதோ தற்செயலா ஒத்துப்போயிருக்கும்."

"இருவத்திரண்டு நாளுமா ஒத்துப்போகும்?"

"ஏ ஜோதி!" மயிலம்மாள் வந்து மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "யாருகிட்ட என்ன பேசற நீயி? எனக்குப் பல்லு கட்டிக் குடுத்த மகராசிடீ. அம்மிணி அப்பிடியெல்லாம் செய்யற ஆளில்ல. மொதல்ல மன்னிப்புக் கேளு."

"எதுக்கும்மா? அந்தப் புள்ளை நாந்தானே? அத மட்டும் சொல்லு."

மயிலம்மாள் மகளைத் தள்ளிக்கொண்டு பண்ணைக் கேட் வரை போனாள். அங்கே இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். ஜோதி அழுதுகொண்டே பஸ் ஏறப் போனாள். திரும்பி வந்த மயிலம்மாள் பிரியாவின் முன்னால் கைகளைக் கூப்பினாள்.

"சின்னப்புள்ள, ஏதோ வெசனத்துல பேசிப்போட்டா. மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி."

பிரியா தலையசைத்தாள். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது. தப்புச் செய்தவள் நிற்க, தப்புக்கு ஆளானவள் வந்து கை கூப்பிவிட்டுப் போகிறாள். அதையும் தலையசைத்து வாங்கிக்கொண்டுவிட்டோமே என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

மோகனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இப்ப எதுக்கு அதக் கிளறிக்கிட்டு? அந்தக்காவே உனக்காகத்தானே பேசிச்சு. இதெல்லாம் அதுக்குப் புரியவா போகுது? கோவிச்சுக்கிட்டு நின்னுட்டா, பண்ணைக்கு அப்பிடி ஒரு ஆளு கிடைக்காது பாத்துக்க."

அவன் கெட்டவனில்லை. அவன் சொன்னதைத்தான் அவளும் மூன்று நாள்களாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் டீ எடுத்துக்கொள்ளாமல் ஷெட்டுக்குப் போனாள். மயிலம்மாள் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். செயற்கைப் பல் இல்லை. பிரியாவைக் கண்டதும் முந்தானையை வாய்க்கு இழுத்தாள்.

"மயிலக்கா, ஜோதி சொன்னது நிசம்."

"எதுங்க?"

"நான் பொய் சொன்னேன். ஜப்பான்காரங்க எழுதல. நீங்க சொன்னத நான் எடுத்துப் போட்டேன். குரலும் உங்களோடதுதான். உங்ககூட உக்காந்து பேசினப்பவெல்லாம் பையில போன் ஓடுச்சு. பஸ்ஸுல புள்ளைங்க சிரிச்சது உங்க பல்லப் பார்த்து இல்லக்கா. என்னாலதான்."

மயிலம்மாள் தீவன வாளியைக் கீழே வைத்தாள். "போடுங்க, கேக்கறேன்."

பிரியா செல்போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மாவிலைக் காதுகளோடு நெவிரா கிளையில் உட்கார்ந்து காலாட்டிப் பேசினாள், சிரித்தாள். மயிலம்மாள் அசையாமல் பார்த்தாள். முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்க" என்றாள். இரண்டாம் முறை படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நான் இப்பிடியா பேசறேன்?"

"ஆமாக்கா."

"தெரியாதுங்க எனக்கு." கையிலிருந்த தீவனத் தூசியை முந்தானையில் துடைத்தாள். "புள்ளை தொட்டுத் தொட்டுக் கூப்புட்டுச்சுன்னு சொல்லிட்டு அந்தம்மா சிரிக்குதே. நான் அத உங்ககிட்டச் சிரிச்சுட்டா சொன்னேன்?"

பிரியா செல்போனை அணைத்துப் பையில் போட்டாள்.

"சொல்லுங்க. நான் சிரிச்சனா?"

"இல்லக்கா. நீங்க அழுதீங்க."

"அத மட்டும் மாத்திப்போட்டீங்க" என்றாள் மயிலம்மாள். குரலில் கோபமே இல்லை. "ஜோதிய நான் ஏசிப்புட்டேன். பெத்த புள்ளையப் பொய்க்காரின்னுட்டேன், உங்களுக்காக. நீங்க போயி அவகிட்டச் சொல்லுங்க. நான் சொல்லற மாதிரி சொல்லாதீங்க. நீங்க சொல்லுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். மாலையில் மோகனிடம் வந்து, "மாசக் கடைசியோட நின்னுக்கறேனுங்க, ஜோதிகூடப் போயி இருக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. மோகனும் கேட்கவில்லை.

பிரியா அன்றே சரவணமுத்துவைக் கூப்பிட்டாள். ஒன்பதாவது அத்தியாயத்தில் அந்தப் பதினைந்து விநாடியை எடுத்துவிட்டு வேறு வசனம் போடலாமா என்று கேட்டாள்.

"வெளியானது வெளியானதுதான் பிரியா. அதை இனி யாரும் தொட மாட்டாங்க. அந்த இடம்தானே ஹிட்டு! என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவள் சொன்னாள். அவர் இரண்டு தடவை 'ம்' கொட்டினார். பிறகு, அடுத்த சீசன் செப்டம்பரில் தொடங்குகிறது, கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு தெளிவாக வாருங்கள் என்றார்.

"நான் இனி நெவிரா பேசல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

நான்கு நாள் கழித்து அவரே ஒரு குரல் பதிவை அனுப்பினார். கோயம்புத்தூர்ப் பெண்ணாம், இருபத்திரண்டு வயதாம். 'வருத்தப்படாதீங்க, உங்க நெவிராவை அப்படியே பிடிச்சுட்டா' என்று எழுதியிருந்தார். பிரியா கேட்டாள். ஒவ்வொரு 'ச'வுக்கும் சீழ்க்கை. உள்பக்கமாகப் போகிற சிரிப்பு. அந்தப் பெண்ணுக்கு எல்லாப் பல்லும் இருக்கும்.

கணினியில் 'கெஞ்சல்', 'மிரட்டல்', 'பெரிய சிரிப்பு' எல்லாவற்றையும் அழித்தாள். அழித்ததால் ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை.

சனிக்கிழமை நாமக்கல் போனாள். பஸ் நிலையத்திலிருந்து மருந்துக்கடைக்கு நடக்கும் தூரம்தான். வழியில் இரண்டு தடவை நின்றாள். கடையில் கூட்டமில்லை. ஜோதி மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் கவுண்டருக்கு வந்தாள்.

பிரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பையில் போன் ஓடியதை, தானே யோசித்த குரல் என்று பொய் சொன்னதை, வாசலில் எரிச்சலை வரவழைத்துக்கொண்டு பேசியதை. எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரல் தட்டையாக, யாரையும் போலில்லாமல் ஒலித்ததைக் கேட்டாள்.

ஜோதி குறுக்கே பேசாமல் கேட்டாள். "அம்மா சொல்லிருச்சுங்க. புதன்கிழமை ரூமுக்கு வந்துச்சு. உக்காந்து மொதல்லருந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. ரெண்டு பேரும் அழுதோம்." கவுண்டர் கண்ணாடியைத் துணியால் ஒரு தடவை துடைத்தாள். "இருவத்தஞ்சு வருசமாச் சொல்லாதத இப்பச் சொல்லிருக்குது. அதுக்காக நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்காதீங்க."

"இல்ல ஜோதி. நான் அப்படி நெனக்கல."

அப்படி ஒரு நினைப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு கணம் தோன்றியிருந்தது. ஜோதி அதைப் பார்த்துவிட்டாள் என்பது பிரியாவுக்குத் தெரிந்தது. முகம் சூடேறியது.

"நான் இனிமே அதுல பேசப் போறதில்ல" என்றாள்.

"அப்ப அது நின்னுருங்களா?"

"இல்ல. வேற ஒருத்தங்க பேசறாங்க."

"எங்கம்மா மாதிரியேவா?"

"ஆமா."

ஜோதி தலையை ஆட்டினாள். "அப்ப நீங்க நின்னதுல உங்களுக்குத்தாங்க நிம்மதி. எங்கம்மா இன்னமும் பஸ்ஸுல வாயப் பொத்திட்டுத்தான் வரும்."

ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். ஜோதி அதை வாங்கிப் படித்து, மாத்திரைகளை எடுத்து, காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை என்று அவருக்கு நிதானமாக, அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். அவர் காது கேட்காமல் மறுபடி கேட்டார். அவளும் சலிக்காமல் மறுபடி சொன்னாள். பிரியா ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அவர் போனதும் ஜோதி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"வேற எதாச்சும் வேணுங்களா?"

வாடிக்கையாளர்களிடம் கேட்கிற அதே தொனி. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"இல்ல" என்றாள் பிரியா. படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் அவளுக்கு மறந்துவிட்டது. யாரையாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். யாருடைய குரல் வருமோ என்று பேசத் துணிவில்லாமல், ஜனங்கள் போகிற திசையிலேயே நடந்தாள்.